சங்குமுனை மைதானத்தில் தங்கிவிட்ட நிழல்

சங்குமுனைக்கும் கொம்பன்துறைக்கும் நடுவே ஆறு கடலில் சேருகிற ஒரு பொழிமுகம்தான் இருந்தது, கோடையில் மணல் அடைத்துக்கொண்டால் முழங்கால் நனையாமல் நடந்தே கடந்துவிடலாம், ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசும்போது ஏதோ ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிறவர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார்கள். ஒரே கடலில் வலை போட்டு, ஒரே ஏலத்தில் மீன் விற்று, ஒருவர் வீட்டில் மற்றவர் பெண் எடுத்து, பிள்ளைகளுக்கு ஒரே புனிதர்களின் பெயர்களை வைத்து வாழ்ந்தவர்கள், சங்குமுனைக் கோவில் திருவிழாவின் கால்பந்துப் போட்டி வந்துவிட்டால் மட்டும் உறவையெல்லாம் கழற்றி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வருவார்கள். திருவிழா முடிந்து கொடி இறங்கிய பிறகுதான் அதைத் திரும்ப எடுத்து உடுத்திக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு இறுதி ஆட்டம் அந்த இரண்டு ஊர்களுக்கும்தான். பொது நடுவர் வேண்டும் என்று கமிட்டி கேட்டிருந்தது, மாவட்டச் சங்கம் ரெக்சலினை அனுப்பியது. அவள் பொழிமுகத்துக்கு அந்தப் பக்கமும் இல்லாத இந்தப் பக்கமும் இல்லாத பள்ளவிளையைச் சேர்ந்தவள், மீன் விற்கிற செலஸ்டினுடைய மகள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் உடற்கல்வி படித்து, ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள். பேருந்திலிருந்து கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக அவள் இறங்கியபோது, ஊர்க் கமிட்டித் தலைவர் பத்றோஸ் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ரெப்ரி எங்கே, பின்னாடி வண்டியில வாறாரா என்று கேட்டார். அவள், நான்தான் என்றாள். அவர் சற்று நேரம் கடலைப் பார்த்தார். பிறகு, தண்ணீர் குடிக்கிறியா பிள்ளே என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த இரக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மைதானம் கடலை ஒட்டித் தெற்கு வடக்காகக் கிடந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கொம்பன்துறை ஒரு கோல் முன்னால் இருந்தது. சமனில் முடிந்தால் கோப்பை போன ஆண்டு வென்றவர்களிடமே இருந்துவிடும் என்பது அந்தக் கரையின் வழக்கம், போன ஆண்டு வென்றது சங்குமுனை, ஆகவே அவர்களுக்கு ஒரே ஒரு கோல் போதும். சூரியன் கடல்மேல் தாழ்ந்து, மைதானத்தில் ஓடிய இருபத்திரண்டு பேரின் நிழல்களும் அவர்களைவிட நீளமாகக் கிழக்கே விழுந்து ஓடிக்கொண்டிருந்தன. வடக்குக் கோல் முனையில் சங்குமுனைக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. பந்து சுழன்று உள்ளே வந்தது. ஒரு கூட்டம் எழும்பியது, அந்தக் கூட்டத்துக்கும் மேலே சுஜின் எழும்பினான், அவன் சங்குமுனையின் முன்னணி ஆட்டக்காரன், இருபத்திரண்டு வயது, தலையில் முட்டுவதற்கென்றே பிறந்தவன் என்று ஊர் சொல்லும். பந்து வலைக்குள் கிடந்தது.

ரெக்சலின் அந்தக் கணத்தில் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரிந்தது மூன்று முதுகுகள். கையை அவள் காணவில்லை. அவள் கண்டது வேறு: சுழன்று வந்த பந்து, நெற்றியில் பட்டால் சுழற்சி செத்துப்போய்க் கிளம்ப வேண்டியது, எதிர்த் திசையில் சுழன்றுகொண்டு கீழே வளைந்து போனது. அவள் கேட்டதும் வேறு: நெற்றி பந்தில் மோதினால் வருகிற மொட்டைச் சத்தம் வரவில்லை, ஈரமான மீனைப் பலகையில் எறிந்தால் வருகிற சத்தம் வந்தது. இன்னொன்றும் கண்டாள். கொம்பன்துறையின் கோல் காப்பாளன் வில்பிரட், தன்னைத் தாண்டிப் போகிற பந்தைப் பார்க்காமல், சுஜினுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவையெல்லாம் ஓர் இமை மூடித் திறக்கிற நேரத்தில் அவளுக்குள் வந்து சேர்ந்து ஒன்றாகி நின்றன. கிழக்குக் கோட்டில் கொடி பிடித்து நின்ற கிறிசோஸ்டம் சாரைப் பார்த்தாள். அவர் முகத்தில் சூரியன் அடித்துக்கொண்டிருந்தது, கொடி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ரெக்சலின் விசில் ஊதினாள். கை என்று தன் கையைத் தொட்டுக் காட்டி, கோல் இல்லை என்றாள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு அறுந்தது, ஊர் உள்ளே வந்தது, ஆட்டக்காரர்களை வெளியே இழுத்தார்கள், ரெக்சலினை இரண்டு கன்னியாஸ்திரிகள் நடுவில் வைத்துக் கோவில் வளாகத்துக்குக் கூட்டிப் போனார்கள். கூட்டம் கலைந்து, புழுதி அடங்கி, சூரியன் கடலுக்குள் போன பிறகுதான் தெரிந்தது, சுஜினுடைய நிழல் போகவில்லை.

வடக்குக் கோலுக்கு முன்னால் மணலில் அது கிடந்தது. எழும்பிய உடம்பு, மடங்கிய முழங்கால், தூக்கிய வலது கை, அந்தக் கைக்குப் பக்கத்தில் உருண்டையாகப் பந்தின் நிழல். டார்ச் அடித்துப் பார்த்தார்கள், அது வெளிறவில்லை. விடிந்ததும் சூரியன் கிழக்கே வந்தது, மற்ற நிழல்கள் எல்லாம் மேற்கே திரும்பின, அது மட்டும் நேற்றைய மாலையிலேயே படுத்துக் கிடந்தது. உச்சி வெயிலில் கோல் கம்பத்துக்கே நிழல் இல்லாதபோதும் அது அங்கேயே கிடந்தது. ஒரு கிழவர் காலால் மணலைத் தள்ளிப் பார்த்தார், மணல்தான் போனது. இது நல்லதாயிற்று என்றார் பத்றோஸ், ரெப்ரி சொல்லியா நமக்குத் தெரியணும், இதோ சாட்சியே படுத்துக் கிடக்குது.

அன்று முதல் அந்த ஊர் நிழலோடு வாழப் பழகியது. முதல் நாள் சுற்றி நின்று பார்த்தார்கள், அடுத்த நாள் சுற்றிப் போனார்கள், அதற்கடுத்த நாள் அந்த இடத்தில் மணல் குளிர்ந்திருப்பதைக் கண்டுபிடித்த நாய்கள் மத்தியானத்தில் அதன் இடுப்பில் சுருண்டு தூங்கின. நெத்திலி காயப்போடுகிற ஒருத்தி எப்போதும் போல அங்கே பாயை விரித்துவிட்டு, மாலையில் வந்து பார்த்தபோது, பாயில் ஒரு முழங்கை அளவுக்கு மீன் மட்டும் காயாமல் பச்சையாகக் கிடந்தது, அவள் பத்றோஸ் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் பாயை வேறு இடத்துக்கு மாற்றினாள். அலை ஏறிய நாளில் தண்ணீர் அதன் மேல் வந்து போனது, நனைந்த நிழல் இன்னும் கறுத்தது. கமிட்டி கூடி, வெயில் பட்டு அழிந்துவிடக் கூடாது என்று அந்த நிழலுக்கு மேல் ஓலைப்பந்தல் போட்டது. நிழலுக்கு நிழல் போடுகிறீர்களே என்று யாரும் கேட்கவில்லை. பந்தல் வந்ததும் டீக்கடை வந்தது, டீக்கடை வந்ததும் பெஞ்சு வந்தது, பெஞ்சு வந்ததும் தினமும் விவாதம் வந்தது.

கையின் நிழல் பந்தின் நிழலைத் தொடுகிறதா இல்லையா என்பதுதான் விவாதம். பொழிமுகத்தைக் கடந்து வந்த கொம்பன்துறைக்காரர்கள் தெற்கே நின்று பார்த்துவிட்டு, தொடுது, நல்லா தொடுது, குழந்தைக்கும் தெரியும் என்றார்கள். சங்குமுனைக்காரர்கள் வடக்கே நின்று பார்த்துவிட்டு, நடுவில் ஒரு விரல்கடை வெளிச்சம் இருக்குது, அந்த வழியா ஒரு நண்டு போகலாம் என்றார்கள். அதில் வினோதம் என்னவென்றால் இருவர் சொன்னதும் உண்மை. தெற்கே நின்றால் தொட்டது, வடக்கே நின்றால் விலகியது. ஒரு தையல்காரர் அளவு நாடாவோடு வந்து மண்டியிட்டு அளந்தார், அவர் சங்குமுனைக்காரர், வெளிச்சம் இருப்பதாக அளந்தார். கொம்பன்துறையிலிருந்தும் ஒரு தையல்காரர் வந்தார். கல்லூரியில் பௌதீகம் நடத்தும் ஒரு அம்மா வந்து, நிழலின் ஓரம் எப்போதுமே மங்கலாகத்தான் இருக்கும், தொடாத பொருட்களின் நிழல்களும் தொட்டுக்கொள்ளும் என்று நிதானமாகச் சொன்னார்கள், அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரோ ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்தார்கள். நிழலுக்கு நேர்ந்துகொள்வது திருச்சபைப் போதனைக்கு எதிரானது என்று பங்குத்தந்தை ஞாயிறு பூசையில் சொன்னார், அந்த வாரம் மெழுகுவர்த்திகள் கூடின.

எல்லோரிடமும் கேட்டார்கள். தையல்காரர்களைக் கேட்டார்கள், பௌதீக அம்மாவைக் கேட்டார்கள், படுத்துக் கிடக்கிற நிழலைக் கேட்டார்கள், நிலா வெளிச்சத்தில் வேறு மாதிரித் தெரிகிறதா என்று நிலாவையும் கேட்டார்கள். ரெக்சலினிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் அங்கேயே நின்றவள், அந்தச் சத்தத்தைக் கேட்டவள், அந்தச் சுழற்சியைக் கண்டவள், அதற்காகப் படித்துத் தேர்வெழுதி அந்தக் கறுப்புச் சட்டையை வாங்கியவள். பள்ளவிளையில் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது சூடாகும். தவறு செய்துவிட்டாள் என்று திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். அவர்கள் அவளைத் திட்டவும் இல்லை. பாவம், பொம்பளப்பிள்ள, அத்தன கூட்டத்தில அவளுக்கு என்ன தெரியும், அனுப்பினவனச் சொல்லணும் என்றார்கள். அவள் ஒரு தீர்ப்புச் சொன்னாள் என்பதே அவர்கள் பேச்சில் இல்லை. மழை வந்து ஆட்டம் நின்ற மாதிரி, அவள் வந்து ஆட்டம் நின்றது, அவ்வளவுதான்.

கிறிசோஸ்டம் சாரும் அதையேதான் செய்தார். அவர் இருபது வருடமாகக் கொடி பிடிக்கிறவர், பந்தலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, எனக்கு வெயில் கண்ணுல அடிச்சுது, ஆனா என்னட்டக் கேட்டிருந்தா கோல்ணுதான் சொல்லியிருப்பேன் என்று சொன்னதாக அவளுக்குச் செய்தி வந்தது. கண் கூசியவருக்குக் கருத்து இருந்தது, கண் கூசாமல் நின்றவளுக்குக் கருத்து இருக்கக் கூடாது. அவள் அவருக்குப் போன் செய்து, கேட்டேனே சார், உங்களைத்தான் பார்த்தேன், கொடி அசையவே இல்லையே என்றாள். அவர், மோளே, இத வளக்காத, ஒனக்கு இன்னும் எத்தனையோ ஆட்டம் கெடக்கு என்றார். ஆனால் கிடக்கவில்லை. சங்குமுனைக் கமிட்டி சங்கத்துக்குச் சொல்லிவிட்டது, இந்த விவகாரம் தீரும்வரை அந்தப் பிள்ளையை எந்தக் கரைக்கும் விசிலோடு அனுப்ப வேண்டாம் என்று. மற்றக் கரைகளும் சரி என்றன. அவளுக்கு அடுத்து வரவிருந்த இரண்டு ஆட்டங்கள் வேறு ஆட்களுக்குப் போயின.

சுஜினை அவள் ஒருநாள் மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் கண்டாள். கறுப்புக் குடை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான், குடையின் நிழல் தரையில் தனியாகக் கிடந்தது, அதற்குள் அவன் இல்லை. கூட வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், உனக்க நெழலு எங்கலே என்று கேட்பதும், கோல் போஸ்டுக்குக் காவல் நிக்குது, அதுக்கு மட்டும் சம்பளம் இல்ல என்று அவனே பதில் சொல்வதும் கொஞ்ச நாளில் வழக்கமாகிப் போயிருந்தது. கடலுக்குள் போனால் யார் நிழலை யார் பார்க்கிறார்கள், கரையில்தான் அம்மா உச்சி வெயிலில் வெளியே விடமாட்டேன் என்கிறாள் என்று அவன் அவளிடம் சொன்னான். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"டீச்சரே, என்னட்ட மட்டும் கேட்டுராதீங்க."

"கேக்கல்ல," என்றாள் ரெக்சலின்.

கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். வள்ளத்தில் போகிறவன் தன் வள்ளத்துக்கு எதிராகச் சாட்சி சொல்வதில்லை, அது அந்தக் கரையில் எழுதாத சட்டம், சொன்னவனை அப்புறம் எந்த வள்ளமும் ஏற்றாது. பந்தயத்துக்கு இறங்குகிறவனுக்கு ஊரே வள்ளம். அவன் நன்றி சொல்வது போலத் தலையை ஆட்டிவிட்டு, வந்த பேருந்தில் ஏறாமல், குடையோடு வீட்டுப் பக்கம் திரும்பிப் போனான். எதற்காக அங்கே நின்றான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

விவாதம் முற்றி, ஒருநாள் பந்தலடியில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்த பிறகு, பத்றோஸ் ஒரு வழி சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர், ஊருக்குச் சண்டை வேண்டாம் என்றுதான் சொன்னார். கடலில் வலை அறுந்த தகராறு வந்தால் அந்தக் கரையில் சிலுவை நட்ட குருசடியில் முடிப்பார்கள்: சொல்கிறவன் சிலுவையில் கை வைத்து, கண்ணால கண்டேன் என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் முடிந்தது, அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்தப் பிள்ள வரட்டும், கை வைக்கட்டும், கண்ணால கண்டேண்ணு சொல்லட்டும், கோல் இல்லண்ணு நாங்க ஒத்துக்கிடுதோம், பந்தலையும் பிரிச்சுருதோம் என்றார் பத்றோஸ். கொம்பன்துறைக்காரர்களுக்கு அது தேனாக இருந்தது. வில்பிரட்டும் இன்னும் நாலு பேரும் பள்ளவிளைக்கு வந்து, நீங்க சொன்னதுதான் சரி டீச்சரே, எங்க எல்லாருக்கும் தெரியும், வந்து அந்த ரெண்டு வார்த்தய மட்டும் சொல்லுங்க என்று கெஞ்சினார்கள்.

"நான் கண்ணால காணல்லையே," என்றாள் அவள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காணாமல் எப்படி ஊதினீர்கள் என்று கேட்கவில்லை. அதெல்லாம் யாருக்குத் தெரியும், சொல்லிட்டா முடிஞ்சுது என்றார்கள்.

அன்று சாயங்காலம் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த செலஸ்டினும் அதையேதான் சொன்னாள். ஏலத்தில் நிற்கும்போது, உனக்க மொவளுக்குக் கண்ணாடி வாங்கிக் குடு என்று யாராவது சொல்லாத நாளில்லை, அவளும் சளைக்காமல், கண்ணாடி கடையில எல்லாம் ஒங்க பெண்டாட்டிமாரு நிக்காவ, எடம் இல்ல என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வருவாள். ஆனாலும் அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது.

"கை பட்டுதா இல்லியா?" என்று கேட்டாள்.

"பட்டுது."

"அப்ப கண்டேண்ணு சொல்லுறதுல என்ன வந்துச்சு? நெசந்தானே."

"பட்டது நெசம். கண்டது நெசமில்ல அம்மா."

செலஸ்டின் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்னப் படிக்க வச்சதுக்கு இதுதான் பலன், ஒரு நெசத்த ரெண்டா அறுக்குத என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ரெக்சலினுக்கும் கோபம்தான் வந்தது, ஆனால் அம்மா மேல் அல்ல. அவள் ஒழுங்காகச் செய்த ஒரு காரியத்தை ஊர் ஒப்புக்கொள்வதற்கு அவள் ஒரு பொய் சொல்லியாக வேண்டும், பொய் சொன்னால் நல்ல நடுவர், சொல்லாவிட்டால் குருடி, இதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை, எல்லோரும் சமாதானம் என்று நினைத்தார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மைதானத்து ஓரம் இருந்த குருசடி முன்னால் இரண்டு ஊரும் கூடின. வடக்கே பந்தல், தெற்கே வெறும் மணல், மேற்கே கடல். ரெக்சலின் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது அவள் கறுப்புச் சட்டை போட்டிருந்ததைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள், சத்தியம் பண்ண வருகிறவள் ஒரு சேலை உடுத்திருக்கலாம். பத்றோஸ் சிலுவையை ஒரு துண்டால் துடைத்துவிட்டு, வா பிள்ளே என்றார். அவள் சிலுவைக்கு முன்னால் போய் நின்றாள். கையை வைக்கவில்லை.

"நான் கண்ணால காணல்ல," என்றாள்.

கூட்டத்தில் ஒரு பாதி மூச்சை உள்ளே இழுத்தது, இன்னொரு பாதி வெளியே விட்டது. வில்பிரட் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆனா கை பட்டது. எனக்கு முன்னால மூணு பேரு நின்னாவ. பந்து திரும்பின விதத்தப் பாத்தேன், சத்தத்தக் கேட்டேன், அத வச்சு முடிவு பண்ணினேன். அது எனக்க வேல."

பத்றோஸுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "காணாத ஒண்ண எப்படி பிள்ளே தீத்துச் சொல்லுவ?"

அவள் சிலுவையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"தலைவரே, கரமடி வல வளைக்கும்போ நீங்கதானே மேட்டில நிப்பீங்க. மீனைக் கண்டுட்டா வளைக்குதீங்க? தண்ணி கறுக்குது, பறவ தாழுது, அதப் பாத்து வளைலேண்ணு சத்தம் போடுதீங்க. அம்பது பேரு ஒங்க சொல்ல நம்பிக் கயிற இழுக்காவ. எவனாவது ஒங்களக் குருசடிக்குக் கூப்பிட்டானா, மீன கண்ணால கண்டியா, சத்தியம் பண்ணுண்ணு?"

பின்னாலிருந்து ஒருவர், சில நேரம் வெறும் மடியா வருமே டீச்சரே என்றார். சிரிப்பு எழும்பியது. பத்றோஸும் லேசாகச் சிரித்துவிட்டார், போன மாதம் அப்படி ஒருநாள் நடந்திருந்தது.

"வரும்," என்றாள் ரெக்சலின். "எனக்கும் தப்பும். தப்பினா திட்டுங்க. ஆனா என்னட்ட வந்து கேட்டுட்டுத் திட்டுங்க. நான் உசிரோட நிக்கும்போ நெழலுட்டப் போயா கேப்பீங்க?"

பத்றோஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தியம் இல்லேண்ணா கோல் கோல்தான், வழக்கம் வழக்கம்தான், ஆட்டம் சமன், கோப்பை இஞ்ச இருக்கட்டும் என்று சபையைக் கலைக்கப் பார்த்தார்.

"ஆட்டம் இன்னும் முடியல்ல தலைவரே," என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் சொன்னது ஒரு சின்ன விஷயம், எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இத்தனை நாளும் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருவருக்கும் நினைவு வராத விஷயம். கடைசி விசில் அவள் ஊதவில்லை. கைப் பந்துக்கு ஊதினாள், ஊர் உள்ளே வந்துவிட்டது, ஆட்டம் அங்கே நின்றது நின்றபடியே நிற்கிறது. கொம்பன்துறைக்கு ஒரு உதை பாக்கி இருக்கிறது, அதற்கப்புறம் கொஞ்சம் நேரமும் பாக்கி இருக்கிறது. நடுவர் முடிக்காத ஆட்டத்தைக் கமிட்டி முடிக்க முடியாது. வருகிற அணி வரட்டும், வராத அணி தோற்றது, அதற்கும் சட்டம் இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல், டீக்கடைப் பெஞ்சின் அடியில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் நடந்தாள்.

மெழுகுவர்த்திக் கட்டைகளைக் காலால் ஒதுக்கினாள். பந்தைப் பந்தின் நிழல் மேலேயே வைக்கப் போகிறாள் என்று நினைத்து எல்லோரும் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் அங்கே வைக்கவில்லை. நிழலைத் தாண்டி, பந்தலையும் தாண்டி, மேற்கே கடல் பக்கமாக வெகுதூரம் நடந்து, ஒன்றுமே இல்லாத வெறும் மணலில், வெயிலில், பந்தை வைத்தாள். நடந்தது இங்கே என்றாள். மாலை வெயிலில் குதித்தவனுடைய நிழல் அவன் குதித்த இடத்திலா விழும், அது கிழக்கே எங்கேயோ அல்லவா விழும், கடற்கரையில் பிறந்து வளர்ந்த அத்தனை பேருக்கும் அது தெரியாமலா இருக்கும், இருந்தும் ஓலை வேய்ந்து, கயிறு கட்டி, நாடா பிடித்து, மண்டை உடைத்து இத்தனை நாளும் அவர்கள் காவல் காத்தது நடந்த இடத்தையே அல்ல. பத்றோஸ் பந்தலைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், பிறகு யாருடைய முகத்தையும் பார்க்காமல் துண்டை உதறினார்.

கொம்பன்துறைப் பையன்கள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தார்கள். சங்குமுனைப் பக்கம் அசையவில்லை. உதை எடுக்கும்போது எதிரணி பத்து கெஜம் தள்ளி நிற்க வேண்டும், அங்கே ஒருவன் வந்து நின்றான் என்றால் உதையை ஒப்புக்கொண்டான், உதையை ஒப்புக்கொண்டால் கையை ஒப்புக்கொண்டான், அது கால்பந்து ஆடுகிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். ரெக்சலின் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அவளுக்குள் பயம் இருந்தது, யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவில்லை.

சுஜின் குடையை மடக்கி அம்மா கையில் கொடுத்தான். அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, சிலுவையைத் தொடவில்லை, ஊருக்கு எதிராக ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. வெறுங்காலோடு மைதானத்துக்குள் நடந்து, பந்துக்கு முன்னால் வந்து, திரும்பி, ஒவ்வோர் அடியாக எண்ணிப் பத்து கெஜம் தள்ளிப் போய், அங்கே நின்றான்.

ஊர் முழுதும் அதைப் பார்த்தது. கண்ணால் கண்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பையன் வந்தான், பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக, ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் வந்தார்கள். பத்றோஸே பந்தல் கால்களைப் பிடுங்கச் சொன்னார், இல்லாவிட்டால் எவனாவது ஓடி வந்து முட்டிச் சாவான் என்றார். கிறிசோஸ்டம் சார் கொடியை எடுத்துக்கொண்டு கிழக்குக் கோட்டுக்குப் போனார், நெற்றிமேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டார். ரெக்சலின் ஊதினாள்.

வில்பிரட் உதைத்த பந்து உயர்ந்து போனது, அதன் பின்னால் எல்லோரும் ஓடினார்கள், எல்லோருடைய நிழலும் நீண்டு கிழக்கே விழுந்து ஓடியது. அந்தக் கால்கள் மிதித்து மிதித்துப் போன மணலில் அந்தப் பழைய நிழல் எப்போது எழுந்தது, ஓடுகிற இருபத்திரண்டில் எது அது என்று யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் பந்து மறுபடி வடக்கே வந்துவிட்டிருந்தது. சங்குமுனைக்காரன் ஒருவன் பலமாக உதைத்தான், கொம்பன்துறைத் தடுப்பாளன் ஒருவன் திரும்பினான், பந்து அவன் மேல் எங்கேயோ பட்டுத் தெறித்தது. கை என்று ஓர் ஊர் எழுந்தது. நெஞ்சு என்று இன்னோர் ஊர் எழுந்தது. கிறிசோஸ்டம் சாரின் கொடி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ரெக்சலினுக்கு இந்த முறை முன்னால் ஒரே ஒரு முதுகுதான் இருந்தது, கை உடம்போடு ஒட்டியிருந்ததைக் கண்டாள், பந்து பட்டதைப் பாதிதான் கண்டாள், சத்தம் மொட்டையாக இருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஆடுங்கள் என்று காட்டினாள்.

சங்குமுனை முழுவதும் அவள் மேல் பாய்ந்தது. எனக்க பெறப்புல இப்படி ஒரு ரெப்ரியக் கண்டதில்ல என்று ஒருவர், எட்டி டீச்சரே ஒனக்கு எவன் சர்டிபிகேட் குடுத்தான் என்று ஒருவர், அவளுடைய கண்ணையும் காதையும் படிப்பையும் பள்ளவிளையையும் பேர் பேராக எடுத்து ஒவ்வொருவராகத் திட்டினார்கள். எல்லோரையும்விட உரக்கப் பத்றோஸ், கோட்டின் ஓரத்தில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, துண்டைச் சுழற்றிக்கொண்டு திட்டினார். அத்தனையும் அவள் முகத்துக்கு நேராக வந்தன. மணலைப் பார்க்க ஒருவரும் ஓடவில்லை.

பந்து தெற்கே போய்க்கொண்டிருந்தது. அவள் அதன் பின்னால் ஓடினாள்.